உடன் வருபவர்

மதிப்புக்குரிய மைத்துனர் அஸ்லாக் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் இங்வால்ட் எழுதுவது. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் கைத்தடி இல்லாமல் ஏரிக்கரை வரை நடக்கிறீர்கள் என்று தோர்டிஸ் சொன்னாள், மகிழ்ச்சி. உங்கள் துணைவியாரின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வழக்கப்படி அடுத்த வரியில் இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டும். இருவரும் என்ற சொல்லில் கை நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். ஒருவேளை இது உங்களுக்கு எழுத வேண்டிய விஷயமே இல்லையோ என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஆனால் தோர்டிஸ் இந்த உலகத்தில் யாருக்காவது பயப்படுவாள் என்றால் அது அவளுடைய அண்ணனுக்குத்தான். எனக்குப் பயந்ததாக நினைவில்லை.

எல்லாம் ஓர் அட்டையில் தொடங்கியது. எங்கள் ஊர்ச் சுற்றுலா அலுவலகம் இந்தக் கோடையில் ஊர்க்காரர்களுக்கென்று ஓர் அட்டை போட்டிருக்கிறது. வெளிநாட்டார் கப்பல் கப்பலாக வந்து பார்க்கிற கடற்கழுகு, கல்படி மலை, பறவைப்பாறை, மிதக்கும் நீராவிக் குளியல், வெளித்தீவுக் கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரே அட்டையில் பார்க்கலாம். இந்த ஊரில் பிறந்த நான் இவற்றில் ஒன்றையும் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக யாரும் சொன்னதும் இல்லை. நம் ஊரை நாமே சுற்றிப்பார்ப்பது சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தானே. தோர்டிஸ் அப்படி நினைக்கவில்லை. "உயர்நிலைப் பள்ளியில காலமெல்லாம் புவியியல் நடத்தின மனுஷன், ஜன்னல்ல தெரியற மலையில ஏறினதில்லன்னு வெளிய சொல்லாதே" என்று சொல்லி அட்டையை வாங்கி வந்துவிட்டாள். அட்டையில் அவள் பெயர் இருந்தது. அதன் கீழே, இரண்டாவது ஆளுக்கான இடத்தில், பெயர் இல்லை. 'உடன் வருபவர்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். நான் அதை அன்றே கவனித்தேன். அலுவலகத்துக்குப் போய் என் பெயரை எழுதித் தரச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். தொந்தரவு தர வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அஸ்லாக் அவர்களே, என் துன்பம் முழுவதும் அந்த வரிசையில் நிற்காததன் விளைவு.

முதலில் கடற்கழுகு. படகில் ஏறுமுன் எல்லோரும் தண்ணீரில் மிதக்கிற கனத்த உடைக்குள் புக வேண்டும். வழிகாட்டி மாரித் என் பழைய மாணவி. சுற்றுலா அலுவலக மேசையில் உட்காருவதும் அவள்தான். அவள் என் உடையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது, கழுகு கூடு கட்டும் முறை பற்றி அவள் கரையில் சொன்னதில் ஒரு சிறு பிழையை மெதுவாகத் திருத்த முயன்றேன். "சார், வாயை மூடினாத்தான் ஜிப்பு மேல ஏறும்" என்றாள். மூடினேன். அலைத்தெறிப்பில் மூக்குக்கண்ணாடி மங்கியது. முறையாகத் துடைக்க வேண்டுமென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டுமென்றால் கைப்பிடியை விட வேண்டும், எனவே ஒவ்வொன்றாகச் செய்தேன். கண்ணாடியை மாட்டியபோது படகே கைதட்டிக்கொண்டிருந்தது. கழுகு மீனோடு போயிருந்தது. "பார்த்தியா, பார்த்தியா?" என்று தோர்டிஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் உண்மையைச் சொன்னேன். கரை வரும்வரை அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்தது கல்படி மலை. மலையில் எதிர்ப்படுகிறவருக்கு முகமன் சொல்லாமல் போகக் கூடாது என்பது நம் வழக்கம். அதே ஆளை மறுநாள் கடைத்தெருவில் கண்டால் தபால்பெட்டியைக் கண்டது போலப் போகலாம், அது வேறு. அன்று துறைமுகத்தில் ஒரு பெரிய ஜெர்மானியக் கப்பல் நின்றது. தோர்டிஸ் முன்னால் ஏறிவிட்டாள். நான் ஒரு குறுகிய திருப்பத்தில், இறங்கி வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒருவருக்கு முகமன் சொன்னேன், அடுத்தவருக்குச் சொன்னேன். நடுவில் புகுந்து ஏறுவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாய் வறண்டு போய்த் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றபோதுதான், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டு எய்லெர்ட் பின்னாலிருந்து வந்தான். மனைவியை இழந்தவன். கார்களைக் கையசைத்துப் படகில் ஏற்றிவிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

"என்ன இங்வால்ட், சுங்கச்சாவடி போட்டிருக்கியா?"

"இவங்க முடியட்டும்னு நிக்கிறேன்."

"இவங்க முடியறதுக்குள்ள பனி விழுந்துரும்யா. தோர்டிஸ் எங்க?"

"மேல போயிட்டா. காப்பி என்கிட்ட இருக்கு."

"கொடு, நான் கொண்டு போறேன்."

காப்பிக் குடுவையும் ஆரஞ்சும் சாக்லேட்டும் இருந்த பையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். நன்றியும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. உச்சியில் உட்கார்ந்து நான் வாங்கிய ஆரஞ்சை அவன் உரித்துக் கொடுக்க, உங்கள் தங்கை சாப்பிட்டிருக்கிறாள். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தபோது நான் அதே திருப்பத்தில்தான் நின்றிருந்தேன். அவர்களுக்கும் வழிவிட்டேன்.

பறவைப்பாறை நாளில் எனக்குச் சளி. உண்மையான சளிதான், ஆனால் தோர்டிஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்கே சந்தேகத்தை உண்டாக்கியது. அட்டை வீணாகக் கூடாது என்று எய்லெர்ட்டைக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் மீன்கடைக்காரி, நான் கேட்காமலே, "பாறையில உங்க வீட்டம்மாவையும் எய்லெர்ட்டையும் பார்த்தோம். அந்த நீல மழைக்கோட்டுல ரெண்டு பேரும் எவ்வளவு பொருத்தம்" என்றாள். நான் காட் மீன் வாங்கப் போனவன். என்ன சொல்வதென்று தெரியாமல் இறால் வாங்கி வந்துவிட்டேன்.

இனி வருவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. துறைமுகத்தில் மிதக்கிற நீராவிக் குளியல் அறை இருக்கிறதே, அங்கே போனோம், மூவரும். எய்லெர்ட் சொந்தச் செலவில் வந்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே குளியல் உடையில் என் பல் மருத்துவரும், எங்கள் பாதிரியாரும், தெருவிளக்கு பற்றி நான் மூன்று மனு எழுதி இதுவரை பதில் தராத நகராட்சிப் பெண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பேசாத நம் ஜனம் அந்தச் சூட்டில் மட்டும் ஏன் அப்படிப் பேசுகிறது என்று எனக்கு விளங்கியதில்லை. உடல் வெந்ததும் கடலில் குதிக்க வேண்டும். நான் ஏணி வழியாக இறங்கலாம் என்று முடிவு செய்தேன். முதல் படியில் கணுக்கால் நனைந்தது. சற்றுப் பழகட்டும் என்று நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; நம்மவர் சொல்ல மாட்டார்கள். ஆறிப்போய் நடுங்கிக்கொண்டு, என் முதுகைப் பார்த்துக்கொண்டு, பாதிரியார் உட்பட அத்தனை பேரும் மௌனமாக நின்றார்கள். அப்போதுதான் மேடையின் மறுபக்கத்திலிருந்து எய்லெர்ட் குதித்தான். அவன் பின்னாலேயே தோர்டிஸ் குதித்தாள். குதிக்கும்போது கத்தினாள், அஸ்லாக் அவர்களே. சந்தோஷத்தில் கத்தினாள். நாங்கள் மணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. நான் ஏணியில் திரும்பி மேலே ஏறினேன். வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

இப்போது கலங்கரை விளக்கம் பாக்கி. வருகிற சனிக்கிழமை படகில் வெளித்தீவுக்குப் போய், பழைய காவலர் வீட்டில் ஓர் இரவு தங்கி வருவது. வருகிறாயா என்று என்னைக் கேட்டாள். வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நியாயமான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் பார்த்துவிட்டு வருவதற்குள் அவள் எய்லெர்ட்டிடம் சொல்லிவிட்டாள். நான் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனேன், இம்முறை வரிசையில் நின்றேன், ஒரு நண்பருக்காகக் கேட்பதாகச் சொல்லி, அங்கே படுக்கை ஏற்பாடு எப்படி என்று மாரித்திடம் விசாரித்தேன்.

"உங்க நண்பரோட மனைவி போன வாரமே பதிவு பண்ணிட்டாங்க சார்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல். "தனித்தனிக் கட்டில்தான், நண்பரைக் கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு, காத்து திரும்பிட்டா படகு வராது. அப்ப ரெண்டு மூணு நாள் அங்கேயே இருக்க வேண்டியதுதான்."

அன்று மாலை தோர்டிஸிடம் பேசினேன். காற்று தென்மேற்குக்குத் திரும்பக்கூடும் என்றேன்.

"போக வேண்டாங்கிறியா?"

"காத்தைப் பத்திச் சொன்னேன்."

"காத்து சொல்லுதா, நீ சொல்றியா?"

நான் யோசித்தேன். நான் யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "உன்னோட எங்க போனாலும் நான் எதையும் பாக்கறதில்ல, இங்வால்ட். நீ பின்னால வர்றியான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறேன், அவ்வளவுதான். எனக்குக் கழுத்து வலிக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எய்லெர்ட் கெட்டவன் என்று சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். அவள் தப்பு செய்கிறாள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கலங்கரை விளக்கத்திலிருந்து திரும்பி வருகிற தோர்டிஸ், போன தோர்டிஸாக இருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் இந்த வீட்டுக்கு வருவாள், காப்பி போடுவாள், என் எதிரே உட்காருவாள். ஆனால் திரும்பிப் பார்ப்பதை விட்டிருப்பாள். அதுதான் என் பயம். ஊர் பேசுவது அல்ல, கட்டிலும் அல்ல. ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சனிக்கிழமைக்கு முன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் பேசுங்கள். மூத்தவர் என்ற முறையில், இந்த வயதில் அயல்வீட்டானோடு தீவில் தங்குவது அழகல்ல என்று நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் எழுதியதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஏரி அமைதியாகவும் உங்கள் இடுப்பு நோவின்றியும் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

என்றும் பணிவுள்ள,
இங்வால்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். எய்லெர்ட். தோர்டிஸ் கடைக்குப் போயிருந்தாள். காப்பி வேண்டாம் என்றான், முறைப்படி இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றான், பிறகு குடித்தான். அவள் காலையில் சுட்டு வைத்திருந்த வாஃபிள் அப்பத்தில் இரண்டு தின்ற பிறகு, சனிக்கிழமை தன்னால் வர முடியாது என்றான்.

"தப்பா நினைக்காதே. நல்ல மனுஷிதான். ஆனா ஒரு நிமிஷம் சும்மா நிக்க விட மாட்டேங்கறா. இந்தப் பாறை ஏன் வரிவரியா இருக்குன்னு கேக்கறா, அந்தப் பறவை குளிர்காலத்துல எங்க போகும்னு கேக்கறா. நான் படகுல காரு ஏத்தினவன், எனக்கென்ன தெரியும்? தெரியலன்னா, இங்வால்ட் இருந்தா சொல்லுவான்னு ஒரு பெருமூச்சு வேற. களைப்பா இருக்குய்யா. ஒரு ராத்திரி முழுக்க என்னால முடியாது."

பெருமூச்சு பற்றி அவன் சொன்னது அப்போது என் காதில் சரியாக விழவில்லை. களைப்பு என்ற சொல்தான் விழுந்தது. அவன் மூன்றாவது வாஃபிளுக்குக் கை நீட்டினான். நான் தட்டை எடுத்துப் போய் அலமாரியில் வைத்து அலமாரியைச் சாத்தினேன். வாழ்நாளில் ஒரு விருந்தாளிக்கு இப்படிச் செய்ததில்லை. அவன் சற்று நேரம் அலமாரியைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

தோர்டிஸ் வந்ததும், எய்லெர்ட்டுக்கு முட்டி வலி, சனிக்கிழமை நான் வருகிறேன் என்றேன்.

"முட்டி வலியா? நேத்து படியில ஓடினானே."

"வயசாகுதில்ல, பாவம்."

"உன்னைவிட ஆறு வயசு சின்னவன்."

"அப்படியும் ஆகும்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். வானிலை அறிவிப்பு என்ன சொல்கிறது என்று கேட்டாள். இன்னும் பார்க்கவில்லை என்றேன். அவள் பையை நடு அறையில் வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டைகளை எடுக்கப் போனாள்.

எனவே தயவுசெய்து உங்கள் தங்கைக்கு எதுவும் எழுத வேண்டாம். எழுதுவதானால் எய்லெர்ட்டுக்கு எழுதுங்கள், கடுமையாகவே எழுதுங்கள். தோர்டிஸோடு போவது களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் உரிமை இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு, அந்த ஆள் இதுவரை அப்படிச் சொன்னதில்லை என்று அவனுக்குத் தெரியட்டும்.