சீரியல் பஸ் டிரைவர் சஸ்பெண்ட் ஆன சரித்திரம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அப்புறம் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, ஒரகடத்துக்கு வந்து 'ரிவ்யூ மீட்டிங்'கைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட ஒரு தொழிற்சாலையைத் தட்டுத் தடுமாறி ஓட்டிவிடலாம், மூன்றாவது இல்லாமல் முடியாது. 2012 மழைக்காலத்தில், கார்களுக்குப் பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் கூடிய அப்படியொரு மீட்டிங், மாதக்கணக்கில் தீராத ஒரு சிக்கலை டீ ஆறுவதற்குள் தீர்த்துவைத்தது. அந்தச் சாதனையைத்தான் இங்கே பணிவோடு எடுத்துரைக்கிறோம்.

சிக்கல் இசக்கிதுரையுடையது. வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையை நண்பர்களோடு பங்கு போட்டுக்கொண்டு, வேலை எப்போது நிரந்தரமாகும் என்று காத்திருந்தான். அவன் வேலை செய்த பாட்டுப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. அதன் மூளையும் திரையும் இரண்டே கம்பிகளில், ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேதி அனுப்பிக்கொள்ளும். அந்தக் கம்பி வழிக்கு 'சீரியல் பஸ்' என்று பெயர். சேதிகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் மென்பொருளுக்கு 'டிரைவர்' என்று பெயர். அதை எழுதியவன் இசக்கிதுரை. காரை அணைத்தால் பெட்டி தூங்க வேண்டும், அதற்கு 'சஸ்பெண்ட்' என்று பெயர்; சாவியைத் திருப்பினால் விழிக்க வேண்டும், அதற்கு 'ரெஸ்யூம்' என்று பெயர். தூங்குவதில் அது குறையே வைக்கவில்லை.

மீட்டிங்குக்கு அவனுடைய மேலாளர் ரகுபதி வந்திருந்தார். மனிதவளத் துறைத் தலைவி அம்சவல்லியும் வந்திருந்தார். மனிதர்கள் கூடும் இடமெல்லாம் தம் துறையின் எல்லைக்கு உட்பட்டது என்பது அம்சவல்லியின் கொள்கை. அன்று அவர் சற்றுத் தாமதமாக, பாதிப் பேச்சில்தான் உள்ளே வந்தார்.

"இப்ப என்ன பிரச்சினை?" என்றார்.

"சீரியல் பஸ் டிரைவர்தான் மேடம்" என்றான் இசக்கிதுரை. "கூப்பிட்டா பதிலே வரமாட்டேங்கு. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா அப்படியே நின்னுருது. தூங்கிருச்சுன்னா அவ்வளவுதான், எந்திரிக்கவே மாட்டேங்கு."

அம்சவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தூங்குதா? எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே மேடம்."

"சஸ்பெண்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

மனிதவளத் துறைக்கு இவ்வளவு தொழில்நுட்ப அறிவா என்று இசக்கிதுரைக்கு மெய்சிலிர்த்தது. "சஸ்பெண்ட் நல்லா ஆவுது மேடம். திரும்ப ரெஸ்யூம்தான் ஆகமாட்டேங்கு."

"ரெஸ்யூம் ஆக வேணாம்" என்றார் அம்சவல்லி. "சஸ்பெண்ட் ஆனா போதும்."

ஒரு டிரைவரை இவன் ஏன் 'தூங்குது', 'நின்னுருது' என்று அஃறிணையில் பேசுகிறான் என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை. அவர் துறைக்குப் பெயரே மனிதவளம். மனிதன் உயர்திணையாக இருக்கலாம்; வளம் அஃறிணைதானே. இலக்கணப்படி அவர் பக்கம் தவறே இல்லை.

எந்த பஸ் என்ற ஐயமும் அவருக்கு எழவில்லை. கம்பெனியில் 'சீரியல் பஸ்' என்றால் ஒன்றே ஒன்றுதான். இரவு ஷிஃப்ட் பெண்கள் மாலையில் சீரியல் பார்க்க முடியாமல் புலம்புவதைக் கேட்டு, கம்பெனி பஸ் டிரைவர் சின்னப்பையன் என்பவர் தன் வண்டியில் ஒரு சின்ன டிவியை மாட்டி, பதிவு செய்த சீரியல்களைப் போட்டுக்கொண்டிருந்தார். கேன்டீன் முதல் கேட் வரை அந்த வண்டிக்கு அதுவே பெயர். சின்னப்பையன் வடக்குப்பட்டுக்காரர். இசக்கிதுரை பிந்தி ஓடிவரும் நாள்களில், ஹாரனை அடித்தபடி வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பவர்.

மறுநாள் பஸ்ஸில் டிவி ஓடவில்லை. ஸ்டீயரிங்கில் வேறு ஆள். "பழைய டிரைவர் எங்கே?" என்று கேட்டதற்கு, "டூட்டில தூங்குனாராம், சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்று பதில் வந்தது. இசக்கிதுரை நேரே ரகுபதியிடம் ஓடினான்.

"சார், நான் சொன்னது சாஃப்ட்வேர. மேடம் மனுசனப் புடிச்சு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

ரகுபதி கதவைச் சாத்தினார். அவருக்கு அது முன்பே தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. "டிரைவர் பிரச்சினைக்கு நடவடிக்கை எடுத்தாச்சுன்னு தலைமை ஆபீசுக்கு ரிப்போர்ட் போயிடுச்சு. அவங்க பாராட்டியும் அனுப்பிட்டாங்க. இப்ப அந்த டிரைவர் மேல தப்பு இல்லன்னா, எந்த டிரைவர் மேல தப்பு?"

"என் டிரைவர் மேல சார்."

"அத எழுதுனது யாரு?"

இசக்கிதுரை கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வாரம் உன் கன்ஃபர்மேஷன் வருது" என்றார் ரகுபதி, மிகுந்த பாசத்தோடு.

முறைப்படி விசாரணை நடந்தது. நியாயத்தில் இம்மியும் பிசகக்கூடாது என்பதற்காக, 'தொழில்நுட்ப வல்லுநர்' என்று இசக்கிதுரையையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சின்னப்பையன் துவைத்துத் தேய்த்த சட்டையில் வந்தார். மகள் கவியா அந்த வருடம்தான் காஞ்சிபுரத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள். வேலை போனால் அவள் படிப்பும் போகும் என்பதை வாசலிலேயே இசக்கிதுரையிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கூப்பிட்டா பதில் சொல்றதில்லையாமே?" என்று தொடங்கினார் அம்சவல்லி.

"வண்டி ஓட்டிகினு இருக்கசொல்ல போன் எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் போர்டு மாட்டிகீறீங்க."

"ஆக, பதில் சொல்றதில்லை. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா அப்படியே நின்னுடறீங்களாமே?"

"ஒரு பொண்ணு இங்க நிறுத்துன்னும், இன்னொண்ணு அங்க நிறுத்துன்னும். நின்னு இன்னான்னு கேட்டுத்தானே மேடம் எடுக்கணும்?"

"அதையும் ஒத்துக்கறீங்க. தூக்கம்?"

சின்னப்பையன் தலையைச் சொறிந்தார். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கென்றே விசாரணைகள் ஏற்பட்டிருக்கின்றன. "ஒரு ஷிஃப்ட்ட எறக்கிட்டு அடுத்த ஷிஃப்ட்ட ஏத்துற வரைக்கும் வூட்டுக்குப் போய் வர டயம் இல்ல மேடம். நிக்கிற வண்டியில சீட்டுல கொஞ்சம் கண்ணசருவேன். ஆனா எழுப்புனா எழுந்துக்குவேன்."

"எழுந்திருக்கிறதில்லைன்னு வல்லுநர் சொல்றார். தூங்கும்போது நீங்க எழுந்திரிக்கலைங்கறது தூங்கற உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சின்னப்பையன் ஒப்புக்கொண்டார். "அது தெரியாது மேடம்."

"நேர்மையான பதில்" என்று மனதாரப் பாராட்டினார் அம்சவல்லி. பிறகு இசக்கிதுரை பக்கம் திரும்பி, "டெக்னிக்கலா நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

ஒரு வாக்கியம் போதும். 'நான் சொன்னது இவரை இல்லை' என்ற ஒரே வாக்கியம். சின்னப்பையன் அவனைப் பார்த்தார். ரகுபதியும் அவனைப் பார்த்தார். இசக்கிதுரை மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

"வல்லுநருக்கு மறுப்பு இல்லை" என்று பதிவாயிற்று. சின்னப்பையனின் வேலை போயிற்று.

இதன்பின் விளைந்த நன்மைகள் பல. பாட்டுப் பெட்டி முன்போலவே தூங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் "டிரைவர் சரியில்லை" என்று மறுபடி புகார் வந்தபோதெல்லாம், "அவரைத்தான் அனுப்பியாச்சே, அப்புறம் எப்படிப் பிரச்சினை வரும்?" என்று அம்சவல்லி கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. தொழில்நுட்பத்தில் பதில் சொல்ல முடியாத கேள்விக்குத் 'தீர்வு' என்று பெயர், புகார் முடித்துவைக்கப்பட்டது. இசக்கிதுரை நிரந்தரமானான். கேன்டீன் சுவரில் அவன் படத்தை மாட்டி, 'சிறந்த டிரைவர் உருவாக்குநர்' என்று கீழே எழுதினார்கள். பார்த்தவர்கள் அவன் ஏதோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான் என்று எண்ணிக்கொண்டார்கள்.

மழை விட்டிருந்த ஒரு மாலையில், சுங்குவார்சத்திரம் டீக்கடையில் சின்னப்பையன் அவனைப் பிடித்துக்கொண்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாராம், அதுவும் இன்னொருவர் வண்டி. கவியா படிப்பை விட்டுவிட்டு அதே கம்பெனியில் பெட்டி பூட்டும் லைனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். இசக்கிதுரை நழுவப் பார்த்தான். அவர் விடவில்லை. டீ வாங்கிக் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நீ இன்னா சொல்றது, நான்தான் சொல்லணும்" என்று அவன் தோளில் கை வைத்தார் சின்னப்பையன். "கவியாகிட்டகூட சொன்னேன். அந்த ரூம்ல அத்தினி பேர் குந்திகினு இருந்தாங்க. என்னப் பத்தித் தப்பா ஒரு வார்த்த பேசாதவன் நீ ஒருத்தன்தான் தம்பி."

இசக்கிதுரை அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டான்.