முப்பது பேரும் ஆமாம் என்றார்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ரேவதி, பி.ஏ. கடைசி வருடம், தலையைக் குனிந்தபடி. அவளுடைய புராஜெக்டைப் பார்க்கிற மேடம். வேறு கல்லூரியிலிருந்து மார்க் போட வந்திருந்த, கண்ணாடி போட்ட ஒரு சார். ரேவதியின் சிநேகிதி ஜெனி, கதவோரம். நான். அப்புறம் என் அன்னக்கூடையில், ஐஸுக்கு அடியில், விற்காத சங்கரா மீன் ஒன்பது. (அவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் உள்ளே போனதும் எல்லோரும் முதலில் கவனித்தது அவற்றைத்தான். மூக்கால்.)

நான் படித்தது ஆறாவது வரை. பதில் தப்பாகும் என்று தெரியும். அதற்கு அடி வாங்கியிருக்கிறேன். கேள்வியும் தப்பாகும் என்பது நாற்பத்து மூன்று வயதில், அந்த அறையில்தான் தெரிந்தது.

எங்கள் குப்பம் கோவளம் பக்கம். மீன் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி மாடம்பாக்கம் வருவேன். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாக விற்பேன். ரேவதிக்குத் தாம்பரத்தில் கல்லூரி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். கடைசி வருடம் ஆளுக்கு ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டுமாம். மீன் விற்கிறவர்களைப் பற்றி எழுதுகிறேன் என்றாள். வீட்டிலேயே ஒருத்தி இருந்தால் அலைச்சல் மிச்சம்.

முதலில் அவள் எழுதிக்கொண்டு போன கேள்வி, 'மீன் விற்கும் பெண்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது?' மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது கேள்வி இல்ல ரேவதி, கடல். யாரைக் கேப்ப? எங்க நிறுத்துவ?"

ரேவதி மூன்று நாள் உட்கார்ந்து அதைக் குறைத்தாள். எந்த ஊர், யாரை, எதை. எழுதுவாள், அடிப்பாள். கடைசியில் 'மாடம்பாக்கத்தில் வாசலில் மீன் வாங்குகிறவர்கள் ஏன் அப்படி வாங்குகிறார்கள்?' என்று வந்து நின்றது. மேடம் சரி என்றார். முப்பது வீட்டில் கேட்க முப்பது தாள் தயார்.

அந்த வாரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல்.

"குடு, நான் கேட்டுகினு வரேன்" என்றேன். (என்னை யாரும் கூப்பிடவில்லை.)

இரண்டே நாள். முப்பது தாளும் முடிந்தது. நானே கேட்டு, நானே எழுதினேன். பெரிய எழுத்து, எல்லாம் ஒரே கை.

எங்கள் வியாபாரத்தில் கேள்வி கேட்க ஒரு முறை இருக்கிறது. 'மீன் வேணுமா?' என்று கேட்க மாட்டோம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். 'பெருசா வெட்டவா, சின்னதா வெட்டவா?' என்றுதான் கேட்போம். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் மீன் கூடையிலேயே இருக்கும். இருபது வருடம் அப்படியே கேட்ட வாய். தாளைப் பார்த்தால் மட்டும் மாறிவிடுமா? தாளில் இருந்தது, 'நீங்கள் ஏன் வாசலில் மீன் வாங்குகிறீர்கள்?' நான் கேட்டது, "இன்னாம்மா, என் மீனு நல்லா கீதுன்னுதான வாங்குற?"

முப்பது பேரும் ஆமாம் என்றார்கள். (கையில் கத்தி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

காய்ச்சல் விட்டு எழுந்தவளுக்குக் கடைசித் தேதி வந்துவிட்டது. அப்படியே எண்ணி, அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே கையெழுத்து. ஒரே வரி. வீட்டில் உட்கார்ந்து நீயே எழுதினாயா என்று கேட்டிருக்கிறார். அப்படி என்றால் புராஜெக்ட் ரத்து. ஒரு வருடம் போய்விடும். அம்மாதான் கேட்டாள் என்றால், அம்மாவைக் கூட்டி வா.

வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றேன்.

"நெஜமாவே முப்பது பேரைக் கேட்டீங்களா?" என்றார் சார்.

"கேட்டேன்."

"ஒருத்தர்கூட வேற பதில் சொல்லலையா?"

"இல்ல."

"அது எப்படிம்மா? நம்பற மாதிரி இல்லையே."

"நான் கேட்டா அப்டிதான் சொல்வாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எங்க, என்னைக் கேளுங்க பாப்போம்."

அன்னக்கூடையை இடுப்புக்கு மாற்றினேன். வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். "இன்னா சார், நேத்து குடுத்த வஞ்சிரம் சூப்பரா இருந்திச்சுல்ல?"

"ஆமாம்மா, நல்லா இருந்தது."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க சைவம்."

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"முட்டைகூடத் தொட்டதில்ல. ஏன் ஆமான்னு சொன்னேன்னே தெரியல" என்றார்.

ரேவதி பொய் எழுதவில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் மேடம் அந்த முப்பது தாளையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

"உங்களுக்குப் பதில் முன்னாடியே தெரியும். தெரிஞ்சதைக் கேக்க ஆராய்ச்சி எதுக்கு? ரேவதி, பத்து நாள் தரேன். உனக்கும் பதில் தெரியாத, அம்மாவுக்கும் தெரியாத கேள்வி ஒண்ணு கொண்டு வா. இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டு. வண்டலூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எம்மா. உனக்குப் பதில் தெரியாதது இன்னா கீது?"

யோசித்தேன். ஒன்று இருந்தது. "வாங்கிகினு இருந்து நின்னுட்டாங்க பாரு, சில வூட்ல. அவங்க ஏன் நின்னாங்கன்னு தெரியாது."

"கேக்கலியா?"

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"சொல்லிட்டா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே எழுதினாள். 'மாடம்பாக்கத்தில் என் அம்மாவிடம் ஒரு வருடமாவது வாங்கி, பிறகு நிறுத்திய வீடுகள் ஏன் நிறுத்தின?' மறுநாள் மேடம் அதில் 'என் அம்மாவிடம்' என்பதை 'ஒரு மீன் விற்பவரிடம்' என்று மாற்றினார். வேறு எதுவும் தொடவில்லை.

எனக்கு ஆட்கள் பெயர் தெரியாது. வாசல்தான் தெரியும். நீல கேட்டு. நாய் வீடு. கிணறு மூடின வீடு. சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இருபத்து மூன்று வந்தது. அவ்வளவு பேர் நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பத்து நாளும் அவள் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தாள். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுப்பாள். மாடம்பாக்கத்தில் இறங்கியதும் முதல் சட்டம், நான் கூட வரக் கூடாது. இரண்டாவது சட்டம், அவள் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நான் தெருமுனையில் கூடையோடு காத்திருப்பேன். மகள் ஒவ்வொரு கேட்டாகப் போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு. அந்த நாட்களை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பயமும் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

கடைசி நாள் வீட்டில் தாள்களைப் பிரித்து அடுக்கினாள். போனில் வாங்கினால் கழுவி வெட்டி வருகிறது என்றவர்கள் ஆறு. அபார்ட்மென்டுக்கு மாறிவிட்டோம், வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார் என்றவர்கள் நாலு. டாக்டர் சொன்னதால் மீனையே விட்டவர்கள் இரண்டு. மிச்சத்தை அவள் படிக்கவில்லை.

"படி."

"வேணாம்மா."

"படிடி."

நீல கேட்டு அம்மா சொன்னதைப் படித்தாள். "உங்க அம்மா மீன் நல்ல மீன்தாம்மா. ஆனா நான் ஆமான்னு சொல்ற வரைக்கும் நகர மாட்டாங்க. எனக்கு முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்ல வராது. அதான் குரல் கேட்டா கதவைச் சாத்திக்கறேன்."

மிச்சத் தாள்களும் அதேதான். வேறு வேறு வாயில். இந்த முறை ஒரே வரி இல்லை.

நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்ததையே மறுபடி ஆய்ந்தேன்.

"எம்மா, இத எடுத்துடவா?"

"எடுத்தா?"

"ஆராய்ச்சில ஒண்ணும் இருக்காது. ஆனா பாஸ் பண்ணிடுவேன்னு நெனைக்கறேன்."

"எழுது" என்றேன்.

எழுதினாள். பாஸ் செய்தாள். ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஓசூரில் வேலை, ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கிற வேலைதான். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு இப்போது தானாகக் கிடைத்தால் உண்டு. லீவுக்கு வரும்போது மருமகனுக்குச் சாதம் போட்டு, "குழம்பு நல்லா கீதுல்ல?" என்பேன். "அத்தை, கேள்வி தப்பு" என்பார். ரேவதி சிரித்துப் புரையேறுவாள். போன வருடம் பிறந்த பேத்திக்குக்கூட அதைச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறார்கள்.

பாஸ் என்று தெரிந்த மறுநாள், கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பதினோரு வீட்டுக்கும் போனேன். கத்தியைக் கூடைக்குள் வைத்துவிட்டேன். "மீனு வேணுமாம்மா?" அவ்வளவுதான் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். (என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நின்றதில்லை.)

வேண்டாம் என்றவர்கள் ஏழு. வாங்கியவர்கள் நாலு.