சக்கரவர்த்திக்கு ஒரு நாற்காலி

மருத்துவ உலகின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ஸ்டெதாஸ்கோப் என்பார்கள். சிலர் மயக்க மருந்து என்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவண அறையில் எழுத்தராக இருப்பவன். எனக்குத் தெரியும், அது கோப்பு. ஸ்டெதாஸ்கோப்புக்கு ஒரு நோயாளி எதிரே இருந்தாக வேண்டும். கோப்புக்கு அந்தத் தொந்தரவு இல்லை. மனிதனைத் தொடாமல், பார்க்காமல், சில சமயம் அவன் செத்துப்போன பிறகும்கூட, வைத்தியத்தை விடாமல் நடத்திக்கொண்டிருப்பது கோப்பு ஒன்றுதான்.

அத்தகைய கோப்பு ஒன்றின் வரலாற்றை எதிர்காலச் சந்ததியின் நன்மைக்காக இங்கே எழுதி வைக்கிறேன். கோப்புக்கு உரியவர் எங்கள் மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர். அதனால் எல்லோருக்கும் அவர் 'சக்கரவர்த்தி'. ஒரு காலத்தில் மூன்று சக்கரவர்த்திகள் இருந்தார்கள். இருவர் ஓய்வு பெற்றதும் 'சிக்கனம்' கருதி அந்த இடங்கள் அப்படியே விடப்பட்டன. அன்று முதல் வார்டிலிருந்து எக்ஸ்ரே, எக்ஸ்ரேயிலிருந்து ரத்தப் பரிசோதனை, மறுபடி வார்டு என்று நான்கு மாடிகளையும் இவர் ஒருவரே ஏகபோகமாக ஆண்டு வந்தார். லிஃப்ட் படுக்கைகளுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் என்பதால் ஏற்றமும் இறக்கமும் சரிவுப் பாதையில்தான்.

அவருக்குப் பதினான்கு வருடமாக முடக்குவாதம். விரல்கள் உள்பக்கமாக வளைந்துபோய்விட்டன. நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்க அது தோதாக இருக்கிறது என்று அவருடைய பணித்திறன் அறிக்கையில் பாராட்டி எழுதியிருக்கிறோம். அந்த மனிதருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு இடது இடுப்பில் வலி வந்தது. இருந்த நோய் போதாதென்று புது நோயைத் தேடிக்கொள்ளும் பேராசையை நான் அன்றே கண்டித்தேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வாசலில் டோக்கன் கொடுக்கும் அம்மாள் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற இருந்தார். அந்தக் கவுண்டரில் ஒரு நாற்காலி உண்டு. தள்ள வேண்டாத நாற்காலி. அது தனக்கு வேண்டும் என்றார். எங்கள் விதி தெளிவானது: 'வலிக்கு ஒரு பெயரும், பெயருக்கு ஒரு காரணமும் கோப்பில் இருந்தால் மட்டுமே அமர்ந்த பணி.' ஆகவே வலிக்குப் பெயர் தேடிப் புறப்பட்டார். அதற்கென்று லீவு போடக்கூட அவசியமில்லை. எந்த டாக்டரிடம் யாரைத் தள்ளிக்கொண்டு போனாலும், கையோடு தன் வலியையும் சொல்லலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

முதலில் எலும்பு டாக்டர்.

"இடது இடுப்பு சார். காலை ஊன முடியல. பேன்ட் போடக் காலைத் தூக்கினா உயிர் போகுது."

"உனக்கு வாதம் இருக்குல்ல?"

"அது கையில சார். இது புதுசு."

"பழசையே இன்னும் முடிக்கல, அதுக்குள்ள புதுசு என்னத்துக்கு? போய் வாத டாக்டரைப் பாரு."

வாத டாக்டர் கோப்பைத் திறந்து நிதானமாகப் புரட்டினார்.

"உன் கோப்புல இடுப்பே இல்லையேப்பா."

"என்கிட்ட இருக்கு சார்."

"ரத்தம் நல்லா இருக்கு. வாதம் கட்டுக்குள்ள இருக்கு. இடுப்புங்கறது எலும்பு. அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு எலும்பு டாக்டரைப் பாரு."

இப்படி இரண்டு வருடம் இரண்டு டாக்டர்களும் அவரை மாறி மாறிக் கவனித்துக்கொண்டார்கள். வலியை அளக்கும் நவீன முறையும் கடைப்பிடிக்கப்பட்டது. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். சக்கரவர்த்தி ஏழு என்றார்.

"ஏழுன்னா நடக்க முடியாது. நீ நடந்து வந்திருக்கே," என்றார் எலும்பு டாக்டர்.

"நடந்ததாலதான் சார் ஏழு."

டாக்டர் பெரிய மனசு பண்ணி மூன்று என்று போட்டார். மருந்தே இல்லாமல் நான்கு புள்ளி வலியை ஒரே நிமிடத்தில் குறைத்த சாதனை அது. நான்தான் கோப்பில் ஏற்றினேன்.

அவர் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி எக்ஸ்ரேவுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் கீழே விழுந்துவிடக் கூடாதென்ற கருணையில், அவர்களைச் சக்கர நாற்காலியில்தான் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாக அதிகாரி ஆணையிட்டிருந்தார். சக்கரவர்த்தி காலி நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய் நின்றார்.

"பேஷன்ட் எங்க?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"நான்தான் சார்."

"பேஷன்ட்னா உட்கார்ந்திருக்கணும்."

உட்கார்ந்தார்.

"தள்ளிட்டு வந்தவர் கையெழுத்துப் போடணுமே. அவர் எங்க?"

"அதுவும் நான்தான் சார்."

"தள்ளுறவர் எப்படிங்க உட்கார்ந்திருக்கலாம்? வேலை நேரம்."

இந்தத் தத்துவச் சிக்கல் தீருவதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து அவசர அழைப்பு வந்தது. சக்கரவர்த்தி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். சீட்டில் 'நோயாளி வரவில்லை' என்று எழுதப்பட்டது. அதையும் நான்தான் கோப்பில் சேர்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மருத்துவமனையில் 'ஆரோக்கிய நடை இயக்கம்' தொடங்கப்பட்டது. மணிக்கட்டில் ஒரு பட்டை. போடும் ஒவ்வோர் அடியையும் அது எண்ணும். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். நடந்த கணக்கு மேலிடத்துக்குப் போகும். பதவி உயர்வுக்கும் பார்க்கப்படும். முதல் கட்டமாகப் பதினொரு பேருக்குப் பட்டை தரப்பட்டது. நிர்வாக அதிகாரி, எலும்பு டாக்டர், வாத டாக்டர், எக்ஸ்ரேக்காரர், மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர், இன்னும் சிலர், அப்புறம் நான். கடைநிலை ஊழியர்களுக்குப் பட்டை இல்லை. அவர்களுடைய ஆரோக்கியம் இரண்டாம் கட்டத்தில் வரும்.

முதல் நாள் நிர்வாக அதிகாரி நடந்தது நானூற்றுப் பன்னிரண்டு அடி. அவர் மனம் தளரவில்லை. நிர்வாகம் என்பதே வேலையைப் பகிர்ந்து கொடுப்பதுதானே. மறுநாள் காலை சக்கரவர்த்தியைக் கூப்பிட்டுத் தன் பட்டையை அவர் கையில் கட்டினார். சாயங்காலம் பத்தொன்பதாயிரம். அறிவுள்ள தலைவர் வழிகாட்டினால் பின்பற்ற ஆள் வராமல் போகுமா? ஒரே வாரத்தில் சக்கரவர்த்தியின் இடது கையில் ஆறு, வலது கையில் ஐந்து. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, பிரிவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

"சிரமமா இல்லையா?" என்று ஒரு நாள் பேச்சுக்குக் கேட்டேன்.

"இல்ல சார். எல்லாரும் இடுப்பைப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. எலும்பு டாக்டர் பட்டை கட்டும்போது கையைத் தொட்டாரு சார். ரெண்டு வருஷத்துல முதல் தடவை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. அந்த மாதம் ஆரோக்கியப் பட்டியலில் நான் மூன்றாம் இடம். வாத டாக்டர் வெளிநாட்டு மாநாட்டில் இருந்த வாரத்திலும் எங்கள் சரிவுப் பாதையில் தினமும் தவறாமல் நடந்து முதலிடம் பெற்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சக்கரவர்த்தி வரவில்லை. மத்தியானத்துக்குள் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. ஒரே நாளில் பதினொரு அலுவலர்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லையே, ஏதாவது தொற்றுநோயா என்று விசாரித்தார்கள். நிலைமையின் தீவிரம் கருதி நிர்வாக அதிகாரி என்னைச் சக்கரவர்த்தியின் வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டே அறை. முன்னறையில் அவர் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சக்கரவர்த்தி ஒருக்களித்துப் படுத்து, இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்திருந்தார். பட்டைகள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன.

"எப்போ வருவாருன்னு ஆபீஸ்ல கேட்கறாங்க," என்றேன்.

அந்த அம்மாள் மெஷினை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"எல்லாருடைய நடையும் நின்னுபோச்சும்மா."

"பதினொரு பேரு நடக்கணும்னா என் வீட்டுக்காரர் எந்திரிக்கணுமா? ராத்திரி பூரா புரண்டு படுக்க முடியாம முனகுறாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு ஒரு வளையல் வாங்கித் தரல, தான் மட்டும் கை நிறையப் போட்டுக்கிட்டு வர்றாரேன்னு கேலி பண்ணினேன். இப்போ கேலி பண்ணவும் மனசு வரல. நீங்களாவது சொல்லுங்க சார், அவருக்கு என்னதான் நோய்?"

ஆவணங்கள் பரிசீலனையில் உள்ளன என்றேன். இவ்வளவு சரியான பதிலுக்கு அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று தெரியவில்லை. மறுநாள் சக்கரவர்த்தி வேலைக்கு வந்துவிட்டார். எங்கள் பதினொரு பேரின் உடல்நலமும் தேறியது.

அதே வாரம் எங்கள் மருத்துவமனையின் வரலாற்றில் ஒரு கரும்புள்ளி விழுந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளம்பெண் டாக்டர் ஒருவர், சரிவுப் பாதையில் சக்கரவர்த்தி விந்தி விந்தி ஏறுவதைப் பார்த்துவிட்டார். கோப்பைக் கேட்கவில்லை. எண் கேட்கவில்லை. அவரைப் படுக்க வைத்து, காலைப் பிடித்து மெல்ல உள்பக்கமாகத் திருப்பினார். சக்கரவர்த்தி அலறினார். அத்தோடு நிறுத்தினாரா? அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு டாக்டர் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு போய், கூட நின்று ஸ்கேன் எடுத்துவிட்டார். இரண்டு வருடம் நாங்கள் பொறுமையாகச் செய்துவந்த வேலையை ஒரே காலையில் முடித்தார். பொறுப்பில்லாத தலைமுறை என்று வேறு எதைச் சொல்வது?

வலிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இனி காரணம். அதற்கென்று 'காரணம் கண்டறியும் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் பதினொரு பேர். யார் யார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புது டாக்டர் படத்தை விளக்கில் காட்டினார். "தொடை எலும்போட தலைக்கு ரத்தம் போறது நின்னு, பந்து நொறுங்கிப் போச்சு. வாதத்துக்குப் பல வருஷமாச் சாப்பிட்ட மாத்திரையால இப்படி ஆகறது உண்டு."

"மாத்திரைன்னு எழுத முடியாது. எழுதிக் கொடுத்தது நான்," என்றார் வாத டாக்டர்.

"சரி சார். ஆனா, ஆரம்பத்துலயே நடையைக் குறைச்சிருந்தா பந்தைக் காப்பாத்தியிருக்கலாம். இவர் ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி நடக்கறார். அதையாவது எழுதுங்க. ஆபரேஷன் வரைக்கும் அவர் உட்கார்ந்தே இருக்கணும்."

"இருபதாயிரமா? ஆதாரம் இருக்கா?" என்றார் நிர்வாக அதிகாரி.

பத்துப் பேர் தங்கள் வெறும் மணிக்கட்டுகளை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆவண எழுத்தர் சொல்லட்டும். சக்கரவர்த்தி எத்தனை அடி நடந்ததா நம்ம பதிவுல இருக்கு?"

எழுந்து நின்றேன். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் பதினொரு பேர் ஓர் அடியும் நடக்கவில்லை என்றாகும். என்னுடைய மூன்றாம் இடமும் போகும். அவருக்கு நாற்காலி கிடைக்கும்.

"பதிவின்படி பூஜ்யம் சார்," என்றேன். "அவர் பேர்ல பட்டையே இல்ல."

"அதான் விஷயம்," என்று எலும்பு டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நடக்கறதே இல்ல. அப்புறம் இடுப்பு எப்படி நல்லா இருக்கும்?"

முடிவு ஒருமனதாக எழுதப்பட்டது. நோயின் காரணம்: 'போதிய நடைப்பயிற்சி இன்மை'. அமர்ந்த பணி நோயை அதிகரிக்கும் என்பதால், ஊழியரின் நலன் கருதி டோக்கன் கவுண்டர் மறுக்கப்படுகிறது. சிறப்புச் சலுகையாக அவருக்குச் சொந்தமாக ஒரு பட்டை வழங்கப்படும். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். புது டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்தேன். சக்கரவர்த்தி ஒரு நோயாளியை நாற்காலியில் வைத்துக்கொண்டு, உடம்பை வலது காலில் சாய்த்து நின்றிருந்தார்.

"காரணம் எழுதிட்டாங்களா சார்?"

"எழுதிட்டாங்க."

"என்ன எழுதினாங்க?"

சொன்னேன். அவர் இடது கையைத் தூக்கி, பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, 'ஆவணம்' என்று என் கையெழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தார். வளைந்த விரல்களால் அதை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. நான் உதவவில்லை.

"ஆறாயிரம் ஆயிருக்கு சார்," என்று என் கையில் வைத்தார். "மிச்சத்தை நீங்க நடந்துக்கங்க."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறினார்.

எங்கள் மருத்துவமனையில் காரணம் தெரியாத நோய் என்று ஒன்று கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்வேன். சக்கரவர்த்தியின் இடுப்புக்கும் காரணம் தெரியும். மொத்தம் பதினொன்று. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் தினமும் காலையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கும். அதில் ஏழாவது என்னுடையது.