புதுப் போனில் விரிசல்

பெட்டியைப் பிரித்த எர்னஸ்ட் போனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புதுப் போனின் கண்ணாடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரிசல்.

மனைவி ஞானமணியின் பழைய போனைத் துணியோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டவர் அவர்தான். அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் சித்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் ரேணிகுண்டா திரும்புகிறாள். புதுப் போனைக் கொடுத்துச் சமாதானம் ஆகலாம் என்றிருந்தார்.

கம்பெனிக்குப் பேசினார்.

"பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா சார்?" என்றாள் ஒரு பெண்.

"அதெல்லாம் யாரும்மா வீடியோ எடுப்பாங்க?"

"வீடியோ இல்லன்னா மாத்தித் தர முடியாது சார்."

பக்கத்து வீட்டுக் கோவர்த்தனன் வந்து போனைப் புரட்டிப் பார்த்தார்.

"புத்தூருக்கு எடுத்துக்கினு போங்க சார், ஒடஞ்ச எலும்புக்குப் போடற மாதிரி கட்டு போட்டு வுடுவாங்க."

எர்னஸ்ட் சிரிக்கவில்லை; கம்பெனியில் வீடியோ கேட்டதைச் சொன்னார்.

"சரி, மறுபடி ஒட்டிட்டுப் புதுசா பிரிக்கிற மாதிரி பிரிங்க. நான் வீடியோ எடுக்கறேன்."

பெட்டியை ஒட்டினார்கள். எர்னஸ்ட் சட்டை மாற்றித் தலை வாரிக்கொண்டார். வீடியோவை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"சார், நீங்க கத்தியவே இன்னும் எடுக்கல. அதுக்குள்ள, 'ஒடஞ்ச பக்கம் தெரியற மாதிரி பிரிங்க'ன்னு ஒருத்தர் சொல்றாரே?"

எர்னஸ்ட் கோவர்த்தனனைப் பார்த்தார். கோவர்த்தனன் மின்விசிறியைப் பார்த்தார்.

புகார் தள்ளுபடியானது. வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் புதுக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தார்.

சாயங்காலம் வந்து சேர்ந்த ஞானமணி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்ல, நல்லதாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க" என்றாள். வந்த நாலு வார்த்தையும் எர்னஸ்டுக்குத் தேனாக இருந்தது.

அப்போது வாசலில் பைக் நின்றது. காலையில் பார்சல் கொண்டுவந்த பவன்குமார், கையில் இன்னொரு பெட்டியோடு வந்தான்.

"சாரி சார், காலைல பெட்டி மாறிப்போச்சு. இதான் உங்க போன். அது ஏர்பேட்டுல ஒருத்தர் கண்ணாடி ஒடஞ்சிருக்குதுன்னு திருப்பிக் குடுத்தது."

ஞானமணி கையிலிருந்ததை நீட்டினாள். "இதுல ஒரு கீறல்கூட இல்லியே?"

பவன்குமார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் வாடியது.

"சார், ஒடஞ்சதா குடுத்தாத்தான் ஆபீஸ்ல வாங்குவாங்க. தயவுசெஞ்சு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே பண்ணிக் குடுத்துடுங்க."