கொழும்பார் கடை நாற்காலி

காயப்போட்ட வேட்டியை ஆரல்வாய்மொழிக் காற்று பக்கத்து ஊரில் கொண்டுபோய்ப் போடும் தோவாளையில், மூச்சு முட்டுகிறதென்று புலம்பிய ஒரே மனிதர் கொழும்பார்தான். அஞ்சலாபீஸ் குமாஸ்தாவான எனக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் பன்னிரண்டு வருஷம் சவரக்கடை நடத்தியவர். மனைவி கடல் தாண்ட மறுத்ததால் ஊர் திரும்பி, பஸ் நிற்கும் இடத்தில் கடை போட்டார்.

"சிங்களவன், மலாய்க்காரன், பார்சி, சீனாக்காரன், பறங்கின்னு ஒரே நாள்ல அஞ்சு பாஷைத் தாடி மழிச்சவன்வே நான்! இங்க எல்லாவனும் ஒரே பேச்சு. மழை வருமா, நெல்லு வெளையுமா!"

ஏக்கம் முற்றிப்போய், எங்களையே அவர்களாக்கிக்கொண்டார். கணக்குப்பிள்ளை பார்சி. பூ வியாபாரி சீனாக்காரர். நான் பறங்கி. நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு குட்மார்னிங் கிடைக்கும். பதிலுக்கு நானும் சொன்னால்தான் கத்தியை எடுப்பார். பூ வியாபாரியிடம் அவர் பேசியது எந்த பாஷை என்று சீனாவிலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் சவரக்கடைப் படி மிதிப்பதில்லை. நாவிதர்தான் பெட்டியோடு அவர்கள் வீட்டுப் பின்வாசலில் போய் நிற்கவேண்டும். கொழும்பார் மட்டும் போகமாட்டார். "மொதல்ல வந்தவன் மொதல்ல இருப்பான். இந்தக் கடை போச்சுன்னா நானும் பின்வாசல்ல நிக்கணும். அதுக்குக் கடல்ல சாடிரலாம்" என்பார். கடைக் கட்டடமோ ஊர்ப் பண்ணையாருடையது.

அந்தப் பண்ணையார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அன்று காலை பார்த்து அவர்கள் வீட்டு நாவிதர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் மூன்று நாள் தாடியோடு தாரைவார்த்துக் கொடுக்கமுடியுமா? வேறு வழியில்லாமல் பண்ணையாரே கடைக்கு வந்துவிட்டார். நாற்காலியில், பாதி முகம் சோப்பு நுரையோடு, இராஜாக்கமங்கலத்துக் கருவாட்டு வியாபாரி சூசை இருந்தார்.

"எறக்குலே அவனை!"

சூசை பதறி எழப்போனார். கொழும்பார் அவர் தோளை அமுக்கினார். "அசையாதீங்க மாத்தயா, கத்தி கழுத்துல இருக்கு." பிறகு திரும்பி, "அடுத்தது நீங்கதான் மாத்தயா" என்றார். சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம். பண்ணையாருக்கும் சூசைக்கும் அவரிடம் அதே மாத்தயாதான்.

"இன்னைக்கே கடையைக் காலி பண்ணணும், கேட்டியா?"

"சாயங்காலம் பண்ணுதேன். இப்போ கொஞ்சம் இருங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் தரையைப் பார்த்தேன். அஞ்சலாபீஸும் அதே பண்ணையார் கட்டடம்தான்.

சூசை எழுந்து போனார். வெளியே கல்யாண மேளம் கேட்க ஆரம்பித்தது. பண்ணையார் பல்லைக் கடித்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சற்றுமுன் யாருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டாரோ, அவருடைய கத்திக்குக் கீழே தம் தொண்டையை நீட்டவேண்டியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கத்தி தாடையிலிருந்து இறங்கி, குரல்வளையில் ஒரு கணம் நின்றது.

கத்தி மெதுவாக மேலே ஏறியது. ஒரு சொட்டு ரத்தமில்லை. கொழும்பார் படிகாரம் தடவி, துண்டால் ஒற்றி, "மகளுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கட்டும் மாத்தயா" என்றார். மனசோடுதான் சொன்னார். பண்ணையார் நாற்காலியை விட்டு இறங்கி விறுவிறுவென்று போனார். காலி பண்ணச் சொன்னதை மாற்றவுமில்லை.

சாயங்காலம், நாகர்கோவிலில் எவனாவது இடம் தருவான் என்று, நாற்காலியை மாட்டுவண்டியில் ஏற்றத் தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நான் போய் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"விடும்வே. பண்ணையார் ஆளு பாத்தான்னா உமக்குப் பொல்லாப்பு."

"பாக்கட்டும்" என்றேன்.

காலையில் வரவேண்டிய தைரியம் சாயங்காலம் வந்திருக்கிறது, வெட்கக்கேடு. அந்த மனிதர் அதற்கே கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரன் இரண்டுதரம் கூப்பிட்டும் நாங்கள் கையை விடவில்லை.