அரையிறுதியும் ஏரிக்கரைக் கரும்பும்

‘நமது வீரர்கள் முழு பலத்துடன்’ என்று எழுதிய கொளஞ்சியப்பன் ஸ்கெட்ச் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ‘முழு’தான் உறுத்தியது.

பதினேழு வருடம் கழித்து கோட்டை பிரதர்ஸ் அணி பொங்கல் கோப்பையின் அரையிறுதிக்கு வந்திருக்கிறது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு சின்னசேலம் மைதானத்தில் வெள்ளிமலை அணியோடு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு, தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தன் ஜெராக்ஸ் கடைக் கதவில் சார்ட் பேப்பரில் ஒரு முன்னோட்டம் எழுதி ஒட்டுவது அணிச் செயலாளரான அவருடைய வழக்கம். கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிப்பார்கள். பஸ் வராவிட்டால் இரண்டு முறை படிப்பார்கள். இதுவரை எந்த முன்னோட்டத்திலும் அவர் பொய் எழுதியதில்லை. பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை. அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்துதான் இந்த உறுத்தல். கேப்டன் ஜீவா கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டிருந்தான்.

“இன்னாடா, நின்னுக்கினே தூங்கற?”

“தூங்கலண்ணா. கண்ண மட்டும் மூடிக்கினு இருந்தேன்.”

“எங்க, ஓடு பாக்கலாம்.”

“எந்தப் பக்கம்ணா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஜித்குமார் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

“விடியகாலையிலேர்ந்து கரும்பு வெட்றோம்ணா. பந்து வந்தா காலு போவ மாட்டேங்குது. கையிதான் கத்தியத் தேடுது.”

அணியில் ஒன்பது பேர் சின்னராசு மேஸ்திரியிடம் கரும்பு வெட்டும் ஆட்கள். எட்டு நாளில் மூன்று ஆட்டம். நடுவில் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

“எங்கடா வெட்டறீங்க?”

“ஏரிக்கரைப் பக்கந்தாண்ணா.”

கொளஞ்சியப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏரிக்கரையில் பத்து ஏக்கர் இளஞ்செழியனுடையது. காலிறுதியில் கோட்டை பிரதர்ஸிடம் தோற்ற சின்னசேலம் அணிக்கு பனியன் வாங்கிக் கொடுத்து, பந்து வாங்கிக் கொடுத்து வளர்ப்பவர் அதே இளஞ்செழியன். விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. மைதானத்தில் முடியாததைக் கரும்புக் கொல்லையில் முடிக்கிறான்!

“ஈவு இரக்கம் இல்லாத கொல்லைக்காரன்டா ஒங்களுக்கு வாச்சது!”

ஜீவாவும் அஜித்குமாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“இன்னாடா சிரிப்பு?”

“இல்லண்ணா, நீங்களே சொல்றீங்களேன்னு.”

வீட்டுக்கு வந்தால் மனைவி ஆண்டாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஒரு சேதி. ரெண்டு நாளா சொல்லணும்னு பாக்கறேன்…”

“மேட்ச் முடியட்டும்.”

“அவசரங்க.”

“அரையிறுதிய விட அவசரமா? மேட்ச் முடியட்டும் ஆண்டாளு.”

அவள் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டையும், அவள் அப்பா விட்டுப்போன நிலத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். எந்தக் கொல்லையில் எது நிற்கிறது என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரியாது. எந்த அணியில் எவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

“சின்னராசு, சனிக்கெழம நம்ம பசங்களுக்கு லீவு வுடணும்.”

“நீங்க சொன்னா வுட வேண்டிதுதான். ஆனா ஆலையில வெட்றதுக்கு தேதி போட்டுக் குடுத்துட்டாங்களே. லாரி வந்து நிக்கும்.”

“அப்ப வெள்ளிக்கெழமைக்குள்ள முடி.”

“ரெண்டு நாளு வேலைங்க அது.”

“ஒரே நாள்ல முடி. நான் சொல்றேன்.”

“நீங்களே சொன்னப்புறம் அப்பீல் ஏது?”

செயலாளர் பதவிக்கு ஊரில் இத்தனை மரியாதை இருப்பது கொளஞ்சியப்பனுக்கே அன்றுதான் தெரிந்தது. ‘சனிக்கிழமை முழு ஓய்வு. ஞாயிறு முழு வேகம்’ என்று எழுதி ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேஸ்திரியின் மனைவி அமிர்தம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். கதவில் இருந்ததைப் படித்தாள்.

“ஓய்வா? கோழி கூவறதுக்கு முன்னாடியே எல்லாரையும் எழுப்பி இட்டுக்கினு போயிட்டாரு எங்க வூட்டுக்காரரு. ஒரே நாள்ல முடிக்கணுமாமே. கோலி நிக்கற சந்தோஷு ரெண்டு தபா வாந்தி எடுத்துட்டான்.”

“சாப்பிட்டானா?”

“இன்னாத்த சாப்பிட்டான். ராத்திரி மீந்த சோத்துல தண்ணி ஊத்திக் குடிச்சான்.”

பழைய சோற்றை வைத்துக்கொண்டு வெள்ளிமலைக்காரர்களை எதிர்ப்பதா? மலை ஏறி இறங்கியே பழகிய கால்கள் அவர்களுடையவை. தொண்ணூறு நிமிடம் ஓடிவிட்டு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். கொளஞ்சியப்பன் எதிர் ஓட்டலில் இருபத்தைந்து மட்டன் பிரியாணி சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்.

“நீயே ஏறிப்போய்க் குடுத்துடு அமிர்தம். வயிறு நெறைய சாப்பிடச் சொல்லு.”

“கறிச்சோறா? இன்னிக்கேவா?”

“இன்னிக்கேதான். கொளஞ்சியப்பன் குடுத்தாருன்னு சொல்லு.”

“அத வேற சொல்லணுமா!” அமிர்தத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

மூன்று மணிக்கு மேஸ்திரி போனில் பேசினார். பேச்சே சரியில்லை.

“இன்னாங்க இப்பிடி பண்ணிட்டீங்க? ஒன்றர ஏக்கரு அப்பிடியே நிக்குதுங்க!”

“ஏன், சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாங்களா?”

“தூங்குனா எழுப்பிடுவேனே. கறிச்சோறு போட்டா வெட்டு முடிஞ்சதுன்னு அர்த்தமாச்சே! கடைசி நாளுதானே போடுவாங்க. பாதிப் பேரு கத்தியக் கழுவிக் கட்டிக்கினு போயே பூட்டாங்க. நம்ம பசங்க ஒம்போது பேரும், நானும், அமிர்தமுந்தான் நிக்கறோம். இனிமே சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவனுங்கதான் வெட்டணும்.”

கொளஞ்சியப்பன் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார். ‘முழு ஓய்வு’ அவரைப் பார்த்துப் பல்லிளித்தது.

“வேற வழியே இல்லியா?”

“சோகைய கொளுத்தினா உண்டு. எலையெல்லாம் எரிஞ்சி கரும்பு வெறுங்கழியா நிக்கும். மளமளன்னு வெட்டலாம். வேல பாதிதான்.”

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“எரிஞ்ச கரும்புன்னா ஆலைக்காரங்க எடையில புடிப்பாங்க. ஒடனே வெட்டி ஏத்தலன்னா காஞ்சும் பூடும். கொல்லைக்காரருக்குல்ல நட்டம்.”

இளஞ்செழியனின் முகம் கொளஞ்சியப்பன் கண்ணுக்குள் வந்தது. காலிறுதியில் ‘நடுவர் திருடன்’ என்று கத்திய முகம்.

“கொல்லைக்காரன் நட்டம் கொல்லைக்காரன் தலையெழுத்து. கொளுத்து.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“எம் பொறுப்பு. நாளைக்கு விடியறப்போ கொளுத்திடு.”

“ஆண்டாளம்மா எதுனா…”

“அவளுக்கும் கால்பந்துக்கும் இன்னாய்யா சம்பந்தம்?”

“சரிங்க,” என்றார் மேஸ்திரி. பெருமூச்சு இந்தப் பக்கம் வரை கேட்டது.

சனிக்கிழமை காலையில் ஏரிக்கரைப் பக்கம் கரும்புகை எழுந்தது. ஊர் மலைமேல் இருக்கும் கோட்டை உயரத்துக்குப் போய் அப்படியே கவிழ்ந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். கொளஞ்சியப்பன் மட்டும் ஒரு டீ சொல்லி, நின்று நிதானமாகக் குடித்தார். பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘தடைகள் சாம்பல். வெற்றி நமதே.’

மைதானத்தைப் பார்வையிட வேண்டும் என்று அன்றே சின்னசேலத்துக்கு பஸ் ஏறினார். தங்குவதற்கு அங்கே அவர் அக்கா வீடு இருந்தது. வழியில் ஆண்டாள் நான்கு முறை போன் செய்தாள். நான்கு முறையும் கட் செய்தார். ஐந்தாவது முறை எடுத்தார்.

“ஐயோ, ஏங்க…”

“அழாத. எதுவா இருந்தாலும் மேட்ச் முடியட்டும்.”

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு மூன்றே முக்கால். வெள்ளிமலை அணி வந்து, உடம்பைச் சூடேற்றி, வியர்வையும் துடைத்தாகிவிட்டது. கோட்டை பிரதர்ஸைக் காணோம். நடுவர் மூன்றாவது முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு டிராக்டர் டிப்பர் மைதானத்துக்குள் வந்து நின்றது. பின்னால் இருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். ஒன்பது பேருக்குத் தலைமுதல் கால்வரை கரி. கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. கடைசியாக மேஸ்திரியும் அமிர்தமும் இறங்கினார்கள். அவர்களும் அதே நிறம்.

“பனியனு மஞ்சளுன்னு சொன்னாங்களே?” என்று வெள்ளிமலை கேப்டன் நடுவரிடம் கேட்டான்.

“மஞ்சளுதான், உள்ள இருக்கு,” என்றான் ஜீவா.

கொளஞ்சியப்பன் ஓடினார். “இன்னாடா கோலம் இது? வேல பாதிதான்னாரே மேஸ்திரி!”

“அர ஏக்கரு மட்டும் கொளுத்திப் பாக்கலாம்னு வெச்சோம்ணா. காத்து மொத்தத்தையும் எடுத்துக்கிச்சி. எரிஞ்சத போட்டு வெக்க முடியுமா? வெட்டி, கட்டி, லாரி மேல ஏத்திட்டு நேரா வரோம். இன்னும் படுக்கல.”

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் முதல் கோல். சந்தோஷ் பந்தைத் தடுக்கப் பாய்ந்தான், விழுந்தான், எழுந்திருக்கவில்லை. அடிபட்டதோ என்று போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தான். அரைமணி நேரத்தில் தங்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்ற ஜீவா காலடிக்குப் பந்து வந்தது. அவன் குனிந்தான். இடது கையால் பந்தின் அடியைப் பிடித்து, வலது கையை ஓங்கி ஒரு வீச்சு வீசினான். வீசிய பிறகுதான் கையில் கத்தி இல்லை என்பதைப் பார்த்தான். நடுவர் பெனால்டி கொடுத்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜீவா சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்து கோலுக்குப் பிறகு வெள்ளிமலைக்காரர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆறாவதை அடித்தவன் மன்னிப்புக் கேட்டான். ஏழாவது தானாகவே உருண்டு போனது. கடைசி விசில் ஊதியதும், புல்லில் கிடந்த ஜீவாவை அவர்கள் கேப்டன்தான் தோளில் போட்டுத் தூக்கி வந்து நிழலில் கிடத்தினான்.

பதினேழு வருடம். கொளஞ்சியப்பன் அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

“எல்லாரும் கேளுங்க! தோத்தது எம் பசங்க இல்ல. அவனுங்க எலும்பப் பிழிஞ்சி, ரத்தத்த உறிஞ்சி, எரிஞ்ச கரும்ப வெட்ட வெச்சி இட்டாந்து வுட்டானே ஒரு கொல்லைக்காரன், அவன் மனுசனா? அவன் இங்கதான் இருக்கான். இளஞ்செழியன், எழுந்திரு!”

பந்தலில் சோடா குடித்துக்கொண்டிருந்த இளஞ்செழியன் எழுந்தார்.

“யோவ், இன்னா ஒளர்ற? எங்கொல்லையில கரும்பு ஏது? மக்காச்சோளம் போட்டு மூணு வருசமாவுது!”

கொளஞ்சியப்பனுக்குக் குரல் இறங்கவில்லை.

“அப்ப அவன் எவன்? தைரியமா சொல்லுங்க! இப்பவே அவன் வூட்டு வாசல்ல போய் நிக்கறேன்!”

ஜீவாவின் நெற்றிக் கரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அமிர்தம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“வாங்கண்ணா, ஒண்ணாவே போவலாம். கொல்லைக்காரங்க ஆண்டாளம்மா நேத்துலேர்ந்து ஒங்க வூட்டு வாசப்படியிலதான் குந்திக்கினு இருக்காங்க. மேட்ச் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே.”