கடைசியாக ஒரு டிராகன் கதை

டிராகன் தங்கக் குவியலின் மேல் படுத்திருந்தது என்று கதைசொல்லி சொல்லி வாய் மூடவில்லை, மூத்த மகன் கையிலிருந்த பீரோ சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப எதுக்குண்ணே ஒளிக்கிற?" என்றாள் தங்கை.

"யாரு ஒளிச்சா? கதையைக் கவனி."

கூடத்தின் நடுவே பெரியவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். தன்னை எடுப்பதற்கு முன் கதைசொல்லி வந்து ஒரு டிராகன் கதை சொல்ல வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தது அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் மட்டும்தான்.

சேதி கேட்டதிலிருந்து கதைசொல்லிக்கு அழுகை அடங்கவில்லை. நாடு நாடாகத் தேடி நூற்றுப் பதினோரு டிராகன் கதைகள் சேர்த்து வைத்திருந்தார். பெண்டாட்டி உட்பட ஒருவரும் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. பெரியவர் ஒருத்தர்தான், இருபது வருஷம், ஞாயிறு தவறாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உலகத்தில் இருந்த ஒரே ரசிகரும் போய்விட்டார். இன்றைக்கு ஒரு கதையைத் தடங்கலில்லாமல் முடித்து அவரை வழியனுப்பிவிட்டால் போதும்.

தங்கம் வம்பு என்று தெரிந்ததும் கிழக்கு தேசத்துக்குத் தாவினார்.

"அந்தப் பக்கத்து டிராகன் தங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதுங்க. மழை கொடுக்கும். நல்ல ஜீவன். வருஷத்துல ஒரு நாள் வேலை, மத்த நாளெல்லாம் குளத்தடியில தூக்கம்."

இளைய மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவனுக்கு வேலை போய் நாலு வருஷம் ஆகிறது.

"யார் சொல்லிக் குடுத்துப் பேசறீங்க? அண்ணியா?"

"ஐயோ தம்பி, இது பழைய கதை..."

"என் தலையை ஏன் உருட்டறீங்க?" என்று அண்ணியும் எழுந்துவிட்டாள்.

கதைசொல்லிக்கு வியர்த்துக் கொட்டியது. தங்கமும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். யார் மனசும் நோகாதபடி மலைக்கோட்டை, இளவரசி என்று ஆரம்பித்தார்.

"ராஜாவோட ஒரே பொண்ணை டிராகன் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"தூக்கிட்டெல்லாம் போகல!" கதவோரம் நின்ற மருமகன் கத்தினார். "பதினெட்டு வருஷமா இதே பேச்சு. அவளாத்தான் பெட்டியோட வந்து நின்னா!"

"பெட்டியில என்ன இருந்துச்சுன்னும் சொல்லிடுங்க மாப்பிள்ளை," என்றார் மூத்தவர்.

"அப்ப நீ அந்தச் சாவியை வெளியில எடுண்ணே!" என்றாள் தங்கை.

சாவு வீடென்றும் பாராமல், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி எல்லோரும் தெருவுக்குப் போனார்கள். அழ வந்த உறவுக்காரர்கள் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனார்கள்.

கூடத்தில் பெரியவரும் நர்ஸும்தான் மிச்சம். கதைசொல்லிக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இளவரசியை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, டிராகன் தன் குகைக்குத் திரும்பி, வயசாகி, தனியாகச் செத்துப்போனது. அந்த இடத்தில் தேம்பிவிட்டார்.

"மன்னிச்சிடுங்கய்யா," என்றார், போர்த்திய துணியைப் பார்த்து. "உங்க கடைசி ஆசையைக் கெடுத்துட்டேன். ஒருத்தர்கூட உட்காரல."

நர்ஸ் போய் ஜன்னலைச் சாத்தினாள். தெருச் சத்தம் அடங்கியது.

"கெடுக்கலையே சார். 'அவனை ஒரு கதை சொல்லச் சொல்லும்மா, அஞ்சு நிமிஷத்துல வீடு காலியாயிடும், நானும் நிம்மதியாப் படுத்திருப்பேன்'னுதான் ஐயா சொன்னாரு."